தவளைக் குளத்துப் பிரபு

முன்னொரு காலத்தில், கடல் பல தாண்டி மேற்கே, வருஷத்தில் பாதி பனியில் கிடக்கும் லோர்வால் என்ற நாட்டை ஓட்மார் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், தூக்கம் கெட்டால் மட்டும் மனிதனாக இருக்கமாட்டான். அந்தக் கோடையில் அவன் தூக்கத்தைக் கெடுத்தவை கோட்டைக்குக் கீழே இருந்த குளத்துத் தவளைகள்.

"இதற்கா கவலை, அரசே?" என்றான் ரெய்னால்ட் பிரபு. அரசன் காதுக்கு இனிப்பதைச் சொல்வதே அவனுக்குத் தொழில். "உங்கள் பண்ணையாட்கள் எதற்கு இருக்கிறார்கள்? ராத்திரி முழுக்கக் குச்சியால் தண்ணீரை அடிக்கட்டும். ஒரு தவளை வாய் திறக்காது."

அப்படியே உத்தரவாயிற்று. அரசன் குறட்டை விட்டான். பண்ணையாட்கள் பகலில் வயலில் நின்றபடியே தூங்கினார்கள். கோதுமை முற்றி, அறுக்க ஆளில்லாமல் உதிர ஆரம்பித்தது.

மந்திரி ஐமரிக் முதல் நாளே சொல்லிப் பார்த்தார். "அரசே, படுக்கையைக் கோட்டையின் மறுபக்கத்து அறைக்கு மாற்றிவிடலாமே."

"தவளைக்குப் பயந்து அரசர் இடம் மாறுவதா?" என்று ரெய்னால்ட் சிரித்தான். அரசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. படுக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒருநாள் பெர்த்தா என்ற குடியானவப் பெண் சபையில் வந்து நின்றாள். அவள் புருஷன் குளக்கரையில் கண்ணயர்ந்துவிட்டான், தவளை கத்திவிட்டது, அதற்காக அவன் சிறையில் கிடந்தான்.

"மகாராஜா, பயிரெல்லாம் கொட்டுது. பத்துல ஒரு பங்கு கோயிலுக்குப் போகணும், அரண்மனைப் பங்கும் போகணும். மிஞ்சுறதை வச்சுத்தான் பனிக்காலம் பூரா எங்க வயிறு. அவரை விட்டீங்கன்னா இருக்கிறதையாவது அறுத்துக்குவோம். தவளைக்குத் தொண்டை கொடுத்தது ஆண்டவர். அது கத்துறது அதோட ஜெபம். அதுக்கு எம் புருஷன் என்ன பண்ணுவாரு?"

"தவளைக்கு ஜெபமாம்! அடுத்து ஞானஸ்நானமும் கேட்பாள்" என்றான் ரெய்னால்ட். சபை சிரித்தது. அரசனும் சிரித்தான். புருஷனுக்குப் பதிலாக இரவில் குச்சி பிடித்துக் காய்த்துப்போன அவள் உள்ளங்கையை மந்திரி பார்த்தார். அவருக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"அரசே, இத்தனை வருஷத்தில் நான் எதுவும் கேட்டதில்லை. அந்தக் குளத்தையும் அதில் வாழும் உயிர்களையும் எனக்கு மானியமாகத் தாருங்கள். குளத்துப் பிரபு என்ற பட்டமும் வேண்டும்."

மந்திரியே வாய்விட்டுக் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று ரெய்னால்டின் மூளை ஓடியது. "யோசனை சொன்னவன் நான். பரிசு அவருக்கா, அரசே?"

"அதுவும் நியாயம்தான். உனக்கே தந்தேன்" என்றான் அரசன். மந்திரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

மானியம் வாங்குகிறவன் தேவாலயத்தில் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அரசன் கைகளுக்குள் வைத்து, புனிதரின் எலும்புகள் வைத்த பேழை முன்னால் சத்தியம் செய்வது அந்நாட்டு வழக்கம். தலைமைக் குருவான ஆயர் சொல்லச் சொல்ல ரெய்னால்டும் சொன்னான்: "என் மானியத்தில் வாழும் எவர் அரசருக்குக் குற்றம் செய்தாலும் நானே நேரில் நின்று பதில் சொல்வேன்." எல்லாப் பிரபுக்களும் சொல்வதுதான். அவன் நினைப்பு குளத்து மீன்களின் மேல் இருந்தது.

வெளியே வந்ததும் மந்திரி கேட்டார். "அரசே, இனி உங்கள் பண்ணையாட்களைக் குளத்திலிருந்து அனுப்பிவிடலாமா?"

"ஏன்?"

"அவர்கள் அரச நிலத்தில் உழைக்கக் கடமைப்பட்டவர்கள். குளமோ இப்போது பிரபுவுடையது. உங்கள் ஆட்கள் அவருக்கு ஊழியம் செய்தால், அவர் உங்களுக்கும் மேலானவர் என்று ஊர் பேசாதா?"

அரசனின் மீசை துடித்தது. "பேசும். சரி, தவளை கத்தினால்?"

"தவளைகள் இப்போது பிரபுவின் குடிகள். அன்று கத்தியதும் அவைதான், பெர்த்தாவின் புருஷன் இல்லை."

ஆயர் தலையசைத்தார். "நேரில் நின்று பதில் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார். நானே சொல்லிக்கொடுத்தேன்."

பெர்த்தாவின் புருஷன் அன்றே வீடு சேர்ந்தான். ரெய்னால்ட் தன் சொந்தப் பண்ணையாட்களை அழைக்கப் பார்த்தான். தத்தம் ஊர் மண்ணை விட்டு அவர்கள் நகரக்கூடாது என்பது அவன் தாத்தா போட்ட சட்டம். கடைசியில் பட்டு உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் தானே குச்சி பிடித்தான். இந்தக் கரையில் அடித்தால் அந்தக் கரையில் கத்தின.

சில நாளில் கண் சிவந்து, தும்மிக்கொண்டே சபைக்கு வந்தான். "அரசே, குளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

"சத்தியத்தை எப்படி எடுத்துக்கொள்வது? தவளை கத்துவது குற்றமாயிற்றே?"

"குற்றமே இல்லை, அரசே. தவளைக்குத் தொண்டை கொடுத்தது ஆண்டவர். அது கத்துவது அதன் ஜெபம்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அரசனும் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். "இதையே ஒரு பெண் இங்கே நின்று சொன்னாள். அப்போதும் சிரித்தோம், அவளைப் பார்த்து" என்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருஷத்து அரண்மனைப் பங்கை அவள் ஊருக்கே விட்டுக்கொடுத்தான். குளத்துத் தண்ணீரை அடிக்கும் உத்தரவை ரத்து செய்தான். ரெய்னால்டுக்குப் பட்டத்தை மட்டும் விட்டுவைத்தான்.

"மந்திரியாரே, குளம் கேட்டீரே, இன்னும் வேண்டுமா?"

"வேண்டாம், அரசே. எனக்குத் தவளைச் சத்தம் ஆகாது."

அரசனின் படுக்கை மறுபக்கத்து அறைக்குப் போயிற்று. அன்று தவளைகள் விடிய விடியக் கத்தின. பெர்த்தாவும் அவள் புருஷனும் அது எதுவும் காதில் விழாமல் தூங்கினார்கள். காலையில் அறுப்பு இருந்தது.