உப்பு ஆச்சு!

கேளுங்க, கேளுங்க, இந்தக் கதையில வயிறு வலிக்கச் சிரிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஆனா இப்ப இல்ல. யாரு அங்க அதுக்குள்ள பல்லைக் காட்டுறது? முதல்ல குழம்பு கொதிக்கட்டும்.

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவரு மடப்பள்ளியில, ராஜா சாப்பிடுறதுக்கு முன்னாடி யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதான் வழக்கம். அப்ப உப்பு விழுந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? போட்டவங்க "உப்பு ஆச்சு!"ன்னு கூவணும், மத்தவங்க "ஆச்சு, ஆச்சு!"ன்னு திருப்பிக் கூவணும்.

அங்க புதுசா தலைமைச் சமையல்காரரா வந்தாரு தாண்டவராயன். மீசை இங்கேருந்து அந்தக் கதவு வரைக்கும். வந்ததும் வராததுமா, "இது மடப்பள்ளியா, மாட்டுச் சந்தையா? இனி நான் மட்டும்தான் பேசுவேன். மத்தவங்க மூச்!"ன்னுட்டாரு.

அப்புறம் சம்பந்தி விருந்து வந்துச்சு. "குழம்பு கெட்டா மடப்பள்ளியில ஒருத்தருக்கும் வேலை கிடையாது"ன்னு ராஜா சொல்லி அனுப்பிட்டாரு.

அடுப்புப் பார்க்கிற சோணாசலம் குழம்புல உப்பு போட்டாரு, கூவலை. மசாலா அரைக்கிற பொம்மி பார்த்துட்டா. காக்கா, கழுதை, ராஜா, யாரு குரலும் அவ தொண்டையில வரும். தாண்டவராயன்கிட்ட ஓடினா.

"அண்ணே, உப்பு..."

"மூச்!"

ஆளாளுக்கு உப்பு போட்டு வம்பாயிடும்னு, பாதிக் குழம்பை இன்னொரு அண்டாவுல மொண்டு ஊத்தி மூடி வச்சா. அப்புறம் காய் நறுக்குற வீரம்மா வந்து, போட்டாச்சோ இல்லையோன்னு அவளும் போட்டா.

"அண்ணே, உப்பு..."

"மூச்!"

அப்புறம் தாண்டவராயனே வந்து தன் கையால அள்ளிப் போட்டாரு.

"அண்ணே..."

"மூச்சுன்னா மூச்!"

சிரிப்பா? பொறுங்க, இன்னும் வரலை.

அவரு வாசல்ல நின்னு மீசை முறுக்குற நேரமாப் பார்த்து, பொம்மி மூடி வச்ச அண்டாவைப் பந்திக்கு அனுப்பிட்டா. ராஜாவும் சம்பந்தியும் விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டுட்டுப் படுக்கப் போயிட்டாங்க. இனி ருசி பார்க்கலாம்னு தாண்டவராயன் மிச்சக் குழம்பை நாக்குல விட்டாரு. மீசை ரெண்டும் நட்டுக்கிட்டு நின்னுச்சு. "ஐயோ, இதையா ராஜா சாப்பிட்டாரு!"

அப்பத்தான் மடப்பள்ளி வாசத் திரைக்குப் பின்னாடி கட்டைக் குரல்: "தாண்டவராயா! கடலைக் காய்ச்சியா ஊத்தினே?"

தடால்னு தரையில விழுந்தாரு. "மகாராஜா, நான் சொல்றதை..."

"மூச்!"

"எங்கிட்ட யாருமே சொல்..."

"மூச்!"

"ஒரே ஒரு வார்த்தை..."

"மூச்சுன்னா மூச்!"

தாண்டவராயனுக்கு இப்பத்தான் உறைச்சுது. பொம்மியும் என்னமோ உப்பு உப்புன்னாளே, நாம கேட்டோமா? அப்படியே குப்புறக் கிடந்தவரு திரைக்கு அடியில பார்த்தாரு. ரெண்டு காலு. கால் நிறைய மிளகாய் விழுது, விரல்ல மெட்டி.

எந்த ஊரு ராஜாடா மெட்டி போடுவாரு?

இப்பச் சிரிங்க!

"பொம்..."ன்னு கத்த வாயெடுத்தவரு, மூடிக்கிட்டாரு. மெதுவா, "ஏம்மா, நீ சொல்லு. நான் கேக்கறேன்"ன்னாரு.

"நல்ல குழம்புதான் பந்திக்குப் போச்சுண்ணே."

அவரு எழுந்து வேட்டியைத் தட்டிக்கிட்டு, ஊரே கேக்கறாப்ல, "உப்பு ஆச்சு!"ன்னு கூவினாரு.

மத்தவங்க "ஆச்சு, ஆச்சு!"ன்னாங்க, அண்டா கழுவியாச்சு, நம்ம கதையும் ஆச்சு.