கழிக்காமல் அளந்த இளவரசர்

மகுடவர்மர் என்று ஒரு ராஜா. மொட்டைமாடியில் தொலைநோக்கி, அதில் ஒரு கேமரா, கீழே கம்ப்யூட்டர் என்று சகலமும் வைத்திருந்த ராஜா. ஆண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆனதும், வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு இளவரசர் பெயரையே வைத்துவிட்டார்.

"அதன் பிரகாசத்தை அளந்து சபையில் சொல்லுங்கள்!" என்றார்.

அரண்மனையில் எதை அளந்தாலும் அளவை அதிகாரி முத்துவடிவுதான் சொல்ல வேண்டும். ஆனால் மந்திரி சபாரத்தினம் முந்திக்கொண்டார். அரண்மனை முழுக்க சீரியல் பல்பு எரிந்து, வானமே வெளுத்துக் கிடந்தபோது படம் எடுத்தார். மென்பொருளில் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். உள்ளே விழுந்த வெளிச்சத்தையெல்லாம் வழித்துக் கூட்டினார்.

"ஒன்பதாயிரம், மகாராஜா!"

சபையே கைதட்டியது. முத்துவடிவுக்குக் கை எழவில்லை.

"நம்ம சீரியல் பல்பையும் சேர்த்து அளந்துட்டார், மகாராஜா. வட்டத்துக்கு வெளியே ஒரு வளையம் போட்டு, வெறும் வானம் எவ்வளவு வெளிச்சம்னு பார்த்து, அதைக் கழிக்கணும். கழித்தால் நாற்பது."

"நாற்பதா!" ராஜாவின் மீசை துடித்தது. "என் பிள்ளையின் நட்சத்திரத்தில் கழிக்க நீ யார்? இனி இங்கே எதை அளந்தாலும் கழிக்கக் கூடாது. கழித்தால் உன் உத்தியோகம் போகும்!"

மந்திரி வாயைப் பொத்திச் சிரித்தார். உத்தியோகம் போனால் தொலைநோக்கியைத் தொடக்கூட விடமாட்டார்கள். முத்துவடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் இளவரசருக்கு வயிற்றுவலி. எடை தெரிந்தால்தான் மருந்து என்றார் வைத்தியர். எடை மெஷினில் படுக்கவைத்தாலே பிள்ளை வீல் என்று கத்தியது. கடைசியில் ராஜாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றார்.

முத்துவடிவு குனிந்து பார்த்தாள். "இளவரசர் தொண்ணூற்றாறு கிலோ."

"அப்போ மருந்து ஒரு குடம் காய்ச்சணுமே!" என்றார் வைத்தியர்.

"பச்சைப்பிள்ளைக்குக் குடமா!" ராணி அலறினாள்.

"அடியே முத்துவடிவு, என் எடையைக் கழி!" என்றார் ராஜா.

"கழித்தால் உத்தியோகம் போயிடுமே, மகாராஜா."

"போகாது! கழி தாயே, கழி!"

பிள்ளையை ராணியிடம் கொடுத்துவிட்டு ராஜா மட்டும் ஏறினார். தொண்ணூறு.

"இளவரசர் ஆறு கிலோ. கொஞ்சம்தான், ஆனால் அத்தனையும் அவர். அந்த நாற்பதும் அப்படித்தான், மகாராஜா. அத்தனையும் நட்சத்திரம்."

ராஜா பிள்ளையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "சீரியல் பல்பையெல்லாம் அணைங்கடா!" என்றார்.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "பெரிய அளவைக்காரி! என் பிரகாசம் எவ்வளவு, சொல்லு பார்ப்போம்!"

"அதற்கென்ன ஐயா? மகாராஜா பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து நில்லுங்க. அளந்து சொல்றேன்."

ராஜா சிரித்த சிரிப்பில், அப்போதுதான் கண்ணயர்ந்த இளவரசர் மறுபடி வீல் என்றார். மொட்டைமாடிச் சாவி அன்றே முத்துவடிவின் இடுப்புக்கு வந்துவிட்டது.

மந்திரிதான் இன்னும் தள்ளி வந்து நிற்கவில்லை.