கல்தொட்டிக் கெண்டை

இந்தக் கதையில் தலைகள் நிறைய விழும். ஆனால் முடிவில் நான் கேட்கப்போகும் கேள்வி ஒரே ஒரு தலையைப் பற்றியது. நெஞ்சு திடமுள்ளவர்கள் மட்டும் கேளுங்கள்.

கொம்பையன் என்ற பாளையக்காரன் பக்கத்துப் பாளையத்துச் சிவனாண்டியின் கோட்டையை உடைத்து உள்ளே புகுந்தான். சிவனாண்டியின் தலையைச் சீவி வாசலில் குத்திவைத்தான். பிறகு ரத்தம் சொட்டும் வாளோடு அந்தப்புரத்துக்குள் வந்தான். அங்கே சிவனாண்டியின் மனைவி மங்கத்தாய் தன் மூன்று வயது மகன் இருளப்பனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. கோட்டையைப் பிடித்தவன் அங்கே முதல் கவளம் உண்பதற்கு முன்னால், செத்தவனின் மனைவி கேட்கும் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கொம்பையனுக்கோ அகோரப் பசி.

"சட்டுனு கேளு" என்றான்.

முற்றத்தில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டும் சின்னக் கல்தொட்டி இருந்தது. அதில் விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு நீந்தியது. மங்கத்தாய் அதைக் காட்டினாள்.

"அந்த மீன் இதே தொட்டியில உங்க கை முழத்துக்கு வளர்ற வரைக்கும் என் மகனக் கொல்லக் கூடாது."

கொம்பையன் சிரித்துவிட்டான். "சரி. மீன் முழம் தொடுற வரைக்கும் கொல்ல மாட்டேன். ஆனா அது செத்தா என் வாக்கும் அன்னைக்கே செத்துது." வாளின் மேல் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, இருவரையும் அந்தக் கோட்டையிலேயே காவலில் வைக்கச் சொல்லிச் சாப்பிடப் போனான்.

இருக்கும் இடத்தின் அளவுக்குத்தான் மீன் வளரும் என்பது அந்த ஊரில் எல்லாரும் நம்பிய சங்கதி. மங்கத்தாயும் நம்பினாள். அந்தத் தொட்டியில் ஒரு முழ மீனால் நன்றாகத் திரும்பக்கூட முடியாது. மகன் பிழைத்தான் என்று நினைத்தாள்.

மீன் செத்துவிடக் கூடாதே என்று காலையிலும் மாலையிலும் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினாள். அதுதான் வினையாய் முடிந்தது. தொட்டியைச் சட்டை செய்யாமல் கெண்டை மளமளவென்று வளர்ந்து ஒரு சாணைத் தாண்டியது. ஒரு கோடையில் ஆறு வற்றித் தண்ணீர் மாற்ற முடியாமல் போனபோதுதான் அதன் வளர்ச்சி நின்றது. அன்றே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. மீனை நிறுத்துவது கல் அல்ல, அழுக்கு.

அதன் பிறகு வேண்டுமென்றே தண்ணீரை நாறவிட்டாள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் மட்டும் ஒரு குடம் ஊற்றுவாள். கெண்டைக்கு முதுகு கூனியது, செதில் உதிர்ந்தது, ஒரு கண் வெளுத்தது. அதைப் பார்க்க அவளுக்கே சகிக்காது. இருந்தாலும் மகனைப் பார்த்துக்கொண்டு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஆண்டுதோறும் கொம்பையன் வந்து தொட்டிக்குள் கையை நீட்டி அளப்பான். ஒருமுறை, பையனைக் காப்பாற்றிக் கொண்டுபோக வந்த சிவனாண்டியின் பழைய ஆட்கள் இருவரைக் கழுவில் ஏற்றினான். அவர்கள் உயிர் அடங்கும்வரை பையனை எதிரே நிறுத்திவைத்தான். இருளப்பன் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த உயிர் துடித்தாலும் அவனால் தாங்க முடியாது.

அவனுக்கு மீசை அரும்பிய வருடம் மங்கத்தாய் விஷக்காய்ச்சலில் மாதக்கணக்காகப் படுத்துவிட்டாள். தொட்டி அவன் பொறுப்புக்கு வந்தது. அவள் எழுந்து வந்து பார்த்தபோது தண்ணீர் தெளிந்து கிடந்தது. அதில் கூன் முதுகோடு பெரிய கெண்டை ஒன்று சுகமாக வாலாட்டியது. மகனின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏய்யா இப்படிச் செஞ்ச?"

"அது எனக்காகத்தானம்மா அழுகிக்கிட்டுக் கெடந்துது. தினம் அதச் சாகடிச்சுத்தான் நான் இருக்கணுமா?"

அவள் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். அந்த வாரமே கொம்பையன் வந்தான். தொட்டிக்குள் கையை நீட்டினான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை மீன் சரியாக இருந்தது. மங்கத்தாய் அவன் காலைப் பிடித்தாள். அவளை எட்டி உதைத்துவிட்டு வாளை உருவினான். இருளப்பனின் கழுத்தில் ஒரே வீச்சு. தொட்டித் தண்ணீர் சிவந்தது.

மங்கத்தாய் காவலனின் ஈட்டியைப் பிடுங்கிக் கொம்பையனின் விலாவில் பாய்ச்சினாள். காவலர்கள் அவளை அங்கேயே வெட்டிச் சாய்த்தார்கள். கொம்பையன் பிழைத்துக்கொண்டான். காயம் ஆறியதும் சபையில் சொன்னான்: "அந்தப் பையன நான் கொல்லல. நான் வாக்குத் தவறாதவன். என் வாக்குதான் அவனக் கொன்னுது."

சபை மூன்றாகப் பிரிந்து சண்டையிட்டது. மீனைத் தவறாகக் கணித்து வரம் கேட்ட தாய்தான் காரணம் என்றது ஒரு கூட்டம். இரக்கப்பட்டுத் தன் கழுத்துக்குத் தானே கத்தி தீட்டிக்கொண்ட மகன்தான் என்றது இன்னொன்று. வாக்கு என்றால் வாக்குதான், கொம்பையன் மேல் குற்றமில்லை என்றது மூன்றாவது.

நீங்கள் சொல்லுங்கள். இருளப்பனின் சாவுக்கு யார் பொறுப்பு?

விடை: கொம்பையன்தான். அவன் கொடுத்த வாக்கைத் திரும்பப் படியுங்கள். முழம் தொடும்வரை கொல்ல மாட்டேன் என்றான். தொட்டதும் கொல்வேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. மீன் வளர்ந்த நொடியில் அவன் வாக்கு நிறைவேறி முடிந்துவிட்டது. அதன் பிறகு வாளை உறையிலேயே விட்டிருந்தாலும் அவனை யாரும் வாக்குத் தவறியவன் என்று சொல்லியிருக்க முடியாது. தாய் கணக்கில் தவறினாள், ஆனால் அவள் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. மகன் செய்ததெல்லாம் ஒரு மீனுக்கு நல்ல தண்ணீர் ஊற்றியதுதான்.