மின்னியின் முதுகுச் சுழி

மூங்கில் ஓடைக் காட்டில் ஒரு மாட்டு மந்தை இருந்தது. அந்த மாடுகளுக்கு எசமானர் என்று யாரும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார்கள். மழை பொய்த்த ஒரு கோடையில் அவர்கள் பட்டியைத் திறந்துவிட்டு மலையிறங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. மாடுகள் காட்டிலேயே பிழைக்கக் கற்றுக்கொண்டன. கழுத்தில் இருந்த கயிற்றுத் தழும்பும் மறைந்துபோனது. ஆனால் மனிதரிடம் கற்ற ஒன்றை மட்டும் அவை விடவில்லை. அது சுழி பார்ப்பது, அதாவது உடம்பின் மயிர்ச்சுழியை வைத்து மாட்டின் ராசியைச் சொல்வது.

அந்தக் காட்டில் செந்நாய்கள் உண்டு. அவை வந்தால் பசுக்கள் வட்டமாகச் சேர்ந்து நிற்கும். கொம்புகள் வெளியே இருக்கும், வால்கள் உள்ளே இருக்கும், கன்றுகள் நடுவில் இருக்கும். அந்த வட்டத்துக்கு வேலி என்று பெயர். காளைகள் மேட்டுக் காட்டில் தனியே திரிந்தன. வேலி பசுக்களின் வேலை. வேலியில் இடம் கிடைத்த பிறகுதான் ஒரு கிடேரியைப் பசு என்று மதிப்பார்கள்.

மாசி மாதத்தில் தும்பை என்ற கிழப்பசு இறந்துபோனது. வேலியில் ஓர் இடம் காலியானது. மேட்டில் தண்ணீர் வற்றினால் செந்நாய்கள் கீழே இறங்கிவிடும். அதற்குள் ஒரு கிடேரியைப் பார்த்துத் தும்பையின் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மந்தையில் வயது வந்த கிடேரிகள் இரண்டு. ஒன்று பவளம். செக்கச் செவேலென்று அழகாக இருக்கும். மற்றொன்று மின்னி. பெயர்தான் மின்னி. உடம்பு காய்ந்த சேற்றின் நிறம், கழுத்து தடித்த கழுத்து. தாய் வெள்ளச்சிக்கு மட்டும் அது அழகு.

கிடேரி பார்க்கும் நாளில் மாடுகள் எல்லாம் ஓடைக்கரையில் கூடின. மந்தையின் தலைவி பெரிய மயிலை நடுவில் வந்து நின்றது. வயதான பசு. முழங்கால்கள் வீங்கியிருந்தன. பக்கத்தில் மொட்டைக்காரி நின்றது. ஒரு கொம்பு ஒடிந்த கருப்புப் பசு. ஒடிந்த கொம்புக்கும் சேர்த்து நாக்கு கூர்மை.

"பவளம், நீ முதலில் நடந்து காட்டு" என்றது பெரிய மயிலை.

பவளம் நடந்தது. சருகுக்குள் ஓர் ஓணான் ஓடியது. அவ்வளவுதான், பவளம் துள்ளிப் பாய்ந்து புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"ஓணானுக்கே இந்த ஓட்டமா? செந்நாயைப் பார்த்தால் அடுத்த மலையில்தான் உன்னைத் தேட வேண்டும் போலிருக்கிறது" என்றது மொட்டைக்காரி.

"சின்னப் பெண்தானே, பழகிக்கொள்வாள்" என்றது பெரிய மயிலை. பின்னால் போய் நின்று பவளத்தின் முதுகைப் பார்த்தது. "கெட்ட சுழி ஒன்றும் இல்லை. அடுத்து மின்னி வா."

மின்னி பாறைமேல் நடந்தது. கால் வழுக்கவில்லை. "இப்போது முட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லி மொட்டைக்காரி நெற்றியால் மோதியது. மின்னி அசையவில்லை. மறுபடி மோதியது. மின்னி ஓர் அடி மட்டும் பின்வாங்கி, ஓடைத் தண்ணீரில் பின்னங்காலை ஊன்றி நின்றுகொண்டது.

"எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டது பெரிய மயிலை.

"இடுப்பு அகலம். சுகமாகக் கன்று போடுவாள். பிடிவாதமும் அகலம்தான். என் நெற்றி வலிக்கிறது" என்றது மொட்டைக்காரி.

மாடுகள் சிரித்தன. வெள்ளச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மெல்ல அசைபோடத் தொடங்கியது.

இனிச் சுழி பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. சுழியை மாட்டின் பின்னால் நின்று பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் மின்னிக்குப் பின்னால் ஓடை ஓடியது. குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தால் பெரிய மயிலைக்கு முழங்கால் கடுக்கும். அதனால் அது முன்னால் நின்றபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது.

மின்னியின் முதுகுத்தண்டின்மேல் மயிர் பிளந்து ஒரு பூரான் போல நீண்டு கிடந்தது. பூரானின் தலை கழுத்துப் பக்கம் பார்த்தால் ஏறுபூரான். அந்த மாடு இருக்கும் மந்தை பெருகும் என்பார்கள். தலை வால் பக்கம் பார்த்தால் இறங்குபூரான். அந்த மாடு இருக்கும் மந்தை அழியும் என்பார்கள். பெரிய மயிலை காலமெல்லாம் பின்னால் நின்று பார்த்துப் பழகிய பசு. தன்னை விட்டு விலகிப் போகும் பூரான் நல்லது, தன்னை நோக்கி வரும் பூரான் கெட்டது என்பதே அதன் கணக்கு. இன்று முன்னால் நின்று பார்த்தபோது பூரான் தன்னை நோக்கி வந்தது.

"இறங்குபூரான்" என்றது பெரிய மயிலை.

மின்னியின் அருகில் சிரித்துக்கொண்டிருந்த மாடுகள் விலகி நின்றன.

பிறந்த நாள் முதல் அந்த முதுகை நக்கி வளர்த்தது வெள்ளச்சி. அந்த மயிர் எந்தப் பக்கம் படியும் என்று அதன் நாக்குக்குத் தெரியும்.

"அக்கா, சுழியைப் பின்னால் நின்றுதானே பார்ப்போம்? ஒருமுறை இந்தப் பக்கம் வந்து பாருங்களேன்."

"நான் சுழி பார்க்கத் தொடங்கியபோது நீ பிறக்கவே இல்லை. எனக்குப் பக்கம் சொல்லித் தருகிறாயா?"

"இல்லை அக்கா..."

"பெற்ற வயிறு பேசுகிறது, விடுங்கள் அக்கா" என்றது மொட்டைக்காரி.

வெள்ளச்சியின் மடியில் ஒரு சின்னக் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வார்த்தை பேசினால் தன்னையும் சேர்த்து விரட்டிவிடுவார்களோ, இந்தக் கன்று என்ன ஆகும் என்று வெள்ளச்சி நினைத்தது. வாயை மூடிக்கொண்டது.

"பவளம் வேலியில் நிற்கட்டும். மின்னி, நீ ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விடு. இனி எங்களோடு மேயாதே, எங்களோடு படுக்காதே" என்றது பெரிய மயிலை.

"பெரியம்மா, நான் என்ன தப்புச் செய்தேன்?"

"நீ ஒன்றும் செய்யவில்லை, பெண்ணே. உன் முதுகு அப்படி."

மின்னி கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்க்க முயன்றது. இந்தப் பக்கம் வளைத்தது, அந்தப் பக்கம் வளைத்தது. எந்த மாட்டுக்கும் தன் முதுகு தெரியாது. பிறகு அது ஓடையைக் கடந்து போனது.

மந்தை இந்தக் கரையில் மேய்ந்தது. மின்னி அந்தக் கரையில் மேய்ந்தது. மந்தை நகர்ந்தால் அதுவும் நகரும். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் தாயும் மகளும் எதிரெதிரே நிற்பார்கள்.

"அம்மா, என் முதுகில் என்னதான் இருக்கிறது?"

"மயிர்தான் இருக்கிறது, கண்ணு."

"அப்புறம் ஏன் எல்லாரும் பயப்படுகிறார்கள்?"

வெள்ளச்சி தண்ணீரில் மூக்கை வைத்துக்கொண்டது. தாகம் இல்லை. சும்மா வைத்துக்கொண்டது.

"தம்பி என்னைக் கேட்கிறானா?" என்றது மின்னி.

"கேட்கிறான்."

"அக்கா தூரத்தில் மேய்கிறாள் என்று சொல். வேறு ஒன்றும் சொல்லாதே."

சித்திரை வந்தது. புல் கருகியது. ஒருநாள் நடுப்பகலில் மின்னி தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. காற்றில் செந்நாய் வாடை. அவை மின்னி இருந்த கரை வழியாகவே இறங்கி வந்துகொண்டிருந்தன.

மின்னி ஓடைக்குள் பாய்ந்து கத்திக்கொண்டே ஓடி வந்தது. "செந்நாய்! வேலி கட்டுங்கள்! கன்றுகளை உள்ளே விடுங்கள்!"

பசுக்கள் ஓடி வந்து வட்டமாக நின்றன. கன்றுகள் உள்ளே புகுந்தன. பவளமும் தன் இடத்தில் நின்றது.

மின்னி வேலியின் அருகே வந்து நின்றது. மூச்சு வாங்கியது. "பெரியம்மா, கொஞ்சம் ஒதுங்குங்கள். நானும் நிற்கிறேன்."

"வராதே. உள்ளே கன்றுகள் இருக்கின்றன" என்றது பெரிய மயிலை.

"அந்தக் கன்றுகளுக்காகத்தான் கேட்கிறேன்."

"உன் சுழியோடு வேலிக்குள் வராதே!"

மொட்டைக்காரி இந்தப் பக்கம் நெருங்கி நின்றது. பவளம் அந்தப் பக்கம் நெருங்கி நின்றது. இடைவெளி மூடிக்கொண்டது. மின்னி தாயைப் பார்த்தது. வெள்ளச்சி தரையைப் பார்த்தது.

செந்நாய்கள் ஓடையைக் கடந்துவிட்டன. மின்னி தப்பி ஓடியிருக்கலாம். மூங்கில் புதர் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அது ஓடவில்லை. வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கொம்பைத் தாழ்த்தி நின்றது. வேலியில் இருக்கும் பசு எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

இப்போது பெரிய மயிலை சரியாக அதன் பின்னால் இருந்தது. வெயில் மின்னியின் முதுகில் அடித்தது. பூரான் தெளிவாகத் தெரிந்தது. அது கழுத்தை நோக்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"வெள்ளச்சி, இது ஏறுபூரான்" என்றது பெரிய மயிலை.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றது வெள்ளச்சி.

"வழி விடுங்கள்! மின்னி, பின்னால் வா, உள்ளே வந்துவிடு!"

மின்னியால் வர முடியவில்லை. முன்னால் ஒரு நாயைக் கொம்பால் தூக்கி எறிந்தபோது பக்கத்திலிருந்து வேறு நாய்கள் பாய்ந்துவிட்டன. வெள்ளச்சி வேலியை உடைத்துக்கொண்டு ஓடியது. அதன் பின்னால் பெரிய மயிலை ஓடியது. மொட்டைக்காரி ஓடியது. எல்லாப் பசுக்களும் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றாகப் பாய்ந்ததும் செந்நாய்கள் சிதறி மேட்டுக்கு ஓடிவிட்டன.

கன்றுகளுக்கு ஒரு கீறலும் இல்லை. மின்னி மட்டும் தரையில் கிடந்தது. அதன் வயிற்றுப் பக்கம் பார்க்க முடியாதபடி இருந்தது.

"பெரியம்மா, என் கால் பின்வாங்கியதா?" என்று கேட்டது.

"இல்லை, தாயி. ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. எழுந்து வா, வேலியில் உனக்கு இடம் இருக்கிறது."

மின்னி எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் காது ஆடுவதும் நின்றது.

மாடுகள் சுற்றி நின்றன. பவளம் மெல்லக் கேட்டது: "ஏறுபூரான் நல்ல சுழிதானே, பெரியம்மா? பிறகு எப்படிச் செத்தாள்?"

மொட்டைக்காரி குனிந்து மின்னியின் நெற்றியை ஒருமுறை நக்கியது.

"செந்நாய்க்குச் சுழி தெரியாது, பவளம். அது தனியாக நிற்கும் மாட்டைத்தான் பார்க்கும். தனியாக நிறுத்தியது நாம்" என்றது பெரிய மயிலை. பிறகு வெள்ளச்சியின் பக்கம் திரும்பியது. "தெரிந்திருந்தும் ஏனம்மா பேசாமல் இருந்தாய்?"

"ஒருமுறை சொன்னேன் அக்கா. நீங்கள் அதட்டியதும் நிறுத்திக்கொண்டேன்."

பொழுது சாய்ந்தது. மந்தை மேய்ச்சலுக்கு நகர்ந்தது. வெள்ளச்சி போகவில்லை. சின்னக் கன்று வந்து மடியை முட்டியபோதும் திரும்பவில்லை. மகளின் முதுகை நக்கிக்கொண்டே இருந்தது. மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று அது பார்க்கவில்லை.

பிறவியில் வந்த ஒரு குறியைப் பார்த்து ஒருவரைத் தள்ளிவைப்பவர்கள், அவர் தங்களுக்காக நிற்பதைப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.