மோர் சிந்தாத ஆறு

ஆறு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவேணி நாட்டில் ஒரு கிண்ணம் மோர் போதும். ராஜா ரங்கபூபதி மோர்க் கிண்ணத்தோடு படகில் உட்காருவார். சிந்தாவிட்டால் நல்ல ஆறு. சிந்தினால் மோசமான ஆறு. அவ்வளவுதான் அந்த நாட்டு ஆற்று ஞானம்.

போன வருஷம் படகு ஒரு பாறையில் இடித்தது. மோர் மொத்தமும் ராஜாவின் பட்டு வேட்டியில். கட்டுமான மந்திரி விருபாட்சருக்கு அன்றைக்கே கொண்டாட்டம். பாறைகளைப் பெயர்த்தார். தண்ணீரில் விழுந்து கிடந்த மரங்களை இழுத்துப் போட்டார். கரையில் நின்ற மருதமரமும் நாணலும் போச்சு. வளைவுகளை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் வழவழவென்று கல் பாவினார். கோட்டைக்குக் கீழே ஆறு இப்போது ஒரு நீளமான தொட்டி.

இந்த முறை மோர் சிந்தவில்லை.

"கோட்டைக்கு மேலே, மேல்கரை வரைக்கும் இப்படியே செஞ்சிடலாம்" என்றார் ராஜா சபையில். "தாண்டவா, மதிப்பைச் சொல்."

அரசு வேலை எதுவும் நல்லதா கெட்டதா என்று மதிப்புச் சொல்கிறவன் தாண்டவன்தான். வேலையை முடித்தவர் வெற்றிலை நீட்டுவார். தாண்டவன் அதை வாங்கிச் சபையில் மென்றால் வேலை நல்ல வேலை. ஆனால் மேல்கரையில் அவன் மனைவி செம்பாயியின் ஜனங்கள் மீன் பிடித்துப் பிழைக்கிறார்கள். கோட்டைக்குக் கீழே வலை போட்டவர்களுக்கு இந்த வருஷம் கிடைத்தது தண்ணீர்தான். "வெத்தலைய மென்னுட்டு வந்தியோ, ராத்திரி சோத்துக்கும் வெத்தலதான்" என்று செம்பாயி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மெல்லுங்க தாண்டவரே, என்ன யோசனை?" என்றார் வெற்றிலையை நீட்டிய விருபாட்சர்.

"மீன் ஒதுங்கப் பாறை இல்ல. முட்டையிட வேர் இல்ல. வெயிலுக்கு நிழல் இல்ல. அது எங்கே போகும்?"

"எங்கேயும் போகாது. பழகிக்கும். ஒரு மீனாவது சபைக்கு வந்து குறை சொல்லிச்சா?"

சபை சிரித்தது. தாண்டவன் வெற்றிலையை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"மன்னா, நான் ஆத்துக்குள்ள குடியிருந்ததில்ல. ஆள் குடியிருக்கிற ஒரு இடத்துல மந்திரியார் ஆட்கள் இதே வேலையைச் செய்யட்டும். பார்த்துட்டுச் சொல்றேன். இடத்தை நான் காட்டறேன்."

மோர் சிந்தாத சந்தோஷத்தில் இருந்த ராஜா, "எந்த இடமானாலும் எடுத்துக்கோ" என்றார். விருபாட்சரும் தன் ஆட்களிடம், "ஆத்துக்குச் செஞ்சதை அப்படியே செய்யுங்கடா" என்றார்.

மறுநாள் ராஜா வேட்டைக்குப் போய்விட்டு மத்தியானம் களைத்து வந்தார். நேரே படுக்கையறைக்குப் போனார். போட்ட சத்தத்தில் அரண்மனைப் புறாவெல்லாம் பறந்துவிட்டது.

கட்டில் இல்லை. மெத்தை இல்லை. திரை இல்லை. ஜன்னலுக்குக் கதவுகூட இல்லை. வெயில் நேராக உள்ளே விழுந்தது. தரை மட்டும் பளபளவென்று இருந்தது. ராஜாவும் உத்தரவு கொடுத்தாச்சு, மந்திரியும் கொடுத்தாச்சு, காவல்காரன் யாரைத் தடுப்பான்?

"யாருடா இது?"

"மந்திரியார் ஆட்கள் மன்னா" என்றான் சத்தம் கேட்டு மந்திரியோடு ஓடி வந்த தாண்டவன். "கிண்ணத்தோட நடந்து பாருங்க, ஒரு சொட்டு சிந்தாது."

"நான் எங்கேடா படுக்கிறது?"

"பழகிக்கும்னு மந்திரியார் சொன்னாரே."

"ஐயோ! நான் மீனைச் சொன்னேன்!" என்று பதறினார் விருபாட்சர்.

ராஜா தரையில் உட்கார்ந்தார். சுட்டது. எழுந்துவிட்டார்.

"மீனுக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிட மோசம் மன்னா. உங்களுக்குக் கட்டில்தான் போச்சு. மீனுக்குச் சமையல்கட்டும் பிள்ளை பெறுகிற அறையும் அங்கேதான் இருந்துச்சு."

ராஜா சுட்ட இடத்தைத் தடவிக்கொண்டார். "சரி, மேல்கரையைத் தொட வேண்டாம். கட்டிலைக் கொண்டு வாங்க."

"அது ஆத்தங்கரைக் கொட்டகையில இருக்கு" என்றான் தாண்டவன். "பெயர்த்த பாறையெல்லாம் அங்கேதானே கிடந்துச்சு? கட்டிலை உள்ளே வெச்சு, வாசலை மறைச்சுப் பாறையைக் குவிச்சிட்டாங்க."

"பாறையை நகர்த்துங்க!"

"எங்கே மன்னா? கரை பூரா கல் பாவியாச்சு. இந்தப் பக்கம் ராஜபாட்டை. பாறை போடக் காலியா இருக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான்."

கதவில்லாத ஜன்னல் வழியாக ராஜா ஆற்றைப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"போடுங்கடா ஆத்துல! விருபாட்சரே, முதல் பாறை உம்ம தோள்ல. தாண்டவா, எல்லாத்தையும் போட்டு முடிக்க எத்தனை நாளாகும்?"

"மன்னர் எத்தனை நாள் தரையில படுப்பாரோ, அத்தனை நாள்."