பச்சைக் குறி போட்ட மசோதா

இருதயராஜ் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். அறுபத்துமூன்று வயதில், தன் வயதில் பாதியைத் தாண்டாத வக்கீல் அங்கயற்கண்ணியிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார். வீட்டில் சும்மா இருந்தால் மனைவியின் சாம்பாரில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவோம் என்ற பயமும் ஒரு காரணம்.

அங்கயற்கண்ணி நடத்திவந்தது மக்கள் உரிமைக்கான ஒரு சிறு அமைப்பு. சட்டமன்றம் கூடினால், அங்கே வருகிற மசோதா ஒவ்வொன்றையும் படித்து, எது குடிமக்களின் கழுத்தைப் பிடிக்கும் என்று பார்ப்பது அவர்கள் வேலை. பிடிக்கும் என்றால் சிவப்புக் குறி. உடனே ஆட்சேபனை எழுதி, எதிர்த்துப் பேசத் துணிந்த உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இல்லையென்றால் பச்சை.

"'நபர்'னு எங்கே வந்தாலும் அங்கே ஒரு ஆளோட பெயரைப் போட்டு, வாய்விட்டுப் படிங்க சார்." இதுதான் முதல் நாள் பாடம்.

கூட்டத்தொடர் முடிய ஒரே நாள் பாக்கி. கடைசி நேரத்தில் மசோதாக்கள் கல்யாணப் பந்திக்கு வருகிற கூட்டம்போல முண்டியடித்துக்கொண்டு வரும். அன்றைக்கு மட்டும் பதினொன்று. இருதயராஜ் எல்லாவற்றுக்கும் குறி போட்டு அடுக்கிவைத்திருந்தார். அங்கயற்கண்ணி அதிலிருந்து ஒன்றை உருவினார். ஆற்று மணல் பாதுகாப்பு மசோதா.

"இதுக்கு ஏன் சார் பச்சை?"

"மணல் திருடனைப் பிடிக்கிற சட்டம் மேடம். நல்ல சட்டம்."

"பெயர் போட்டுப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

"யார் பெயர்?"

இருதயராஜ் இடது காலை மெல்ல நீட்டிக்கொண்டார். "மாசானம்."

அந்தக் காலுக்குள் இரும்புத் தகடு இருக்கிறது. ஆற்றுப் பாதையில் மணல் லாரியை மறித்த தாசில்தாரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனவன் மாசானம். வழக்கு நாலு வருடமாக வாய்தாவிலேயே ஓடுகிறது. அவனோ சலவை வேட்டி கட்டிக்கொண்டு, ஊர்க் கல்யாணங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

"படிங்க, கேட்போம்."

"'மணல் கடத்துவதாக அலுவலர் சந்தேகித்தால், மாசானத்தைக் காரணம் தெரிவிக்காமலும் நீதிபதி முன் நிறுத்தாமலும் ஓராண்டு வரை காவலில் வைக்கலாம்.'" குரலில் பாயசம் குடித்த திருப்தி.

"அலுவலர்னா யாரு?"

"தாசில்தார்."

"அங்கேயும் ஒரு பெயரைப் போடுங்க."

"எந்தத் தாசில்தார் பெயர் மேடம்?"

"எனக்கு ஒரே ஒரு தாசில்தாரைத்தான் தெரியும்."

இருதயராஜ் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "'மணல் கடத்துவதாக இருதயராஜ் சந்தேகித்தால்...'"

அங்கேயே நிறுத்தி, மசோதாவை மேஜைமேல் வைத்தார்.

"சொள்ளமுத்துன்னு ஒரு மாட்டு வண்டிக்காரர் மேடம். பதினஞ்சு வருஷம் இருக்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு, பந்தல்ல விரிக்க மணல் ஏத்திட்டு வந்தார். அன்னைக்கு ஏற்கெனவே ரெண்டு திருட்டு வண்டியப் பிடிச்சிருந்தேன். அதே சூட்டுல இவரையும் போலீஸ்ல ஒப்படைச்சிட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் மாஜிஸ்திரேட், 'அனுமதி இருக்கா?'ன்னு கேட்டார். சொள்ளமுத்து மடியில இருந்து சீட்டை எடுத்து நீட்டினார். சரியான சீட்டு. அப்பவே விட்டுட்டாங்க."

"உங்ககிட்ட ஏன் காட்டல?"

"காட்டினார் மேடம். நான் வாங்கிப் பார்க்கல."

மனைவியிடம்கூட இதுவரை சொல்லாத சங்கதி. சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அங்கயற்கண்ணி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு வாக்கெடுப்பு. ஆட்சேபனை இன்று ஐந்துக்குள் உறுப்பினரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மணி மூன்றரை ஆகிவிட்டது.

இருதயராஜ் பேனாவைத் திறந்தார். உடனே மூடினார்.

"நான் இதை எழுதினா, மாசானத்துக்கும் சேர்த்து எழுதின மாதிரி ஆயிடும்."

"ஆகும்."

"என் காலை ஒடிச்சவனுக்கு நானே பரிஞ்சு பேசணுமா மேடம்?"

"மாசானம் கேஸுக்கு இனி ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரசு வக்கீல் கூட நானும் வந்து நிக்கிறேன். என்னால முடியலைன்னா, வேற வக்கீல் கிடைப்பாங்க." அங்கயற்கண்ணி தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார். "இதை எழுத வேற ஆள் இல்லை சார். அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்காதவர் நீங்க ஒருத்தர்தான்."