சிலுவைத்துறைக்கு ஏற்ற சிஸ்டம்

“ஒரே ஒரு பேரு சொல்லுங்க டீச்சர். நம்மள நடுவழியில விட்டுட்டுப் போகாத சிஸ்டம் எது?”

ஹபீபா டீச்சர் நிமிரவில்லை. பிரித்துப் போட்ட ஒரு லேப்டாப்பின் விசிறியில் படிந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

“யாருக்கு?”

“எங்க ஊருக்கு.”

“ஊரு வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காருமா அண்ணே?”

கேட்டு வந்தவர் ததேயு.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. டீச்சருக்கு முப்பத்தொன்று. இருபத்தைந்து வருடம் கடலில் கிடந்தவர் ததேயு. வலை இழுக்கும் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போனது. அதன் பிறகு குளச்சல் சந்தையில் இந்தச் சின்னக் கடைக்கு வந்து, எட்டு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தார். அந்தக் கையில் மீதி இருந்த மூன்று விரலால் தட்டச்சு செய்யச் சொல்லிக்கொடுத்ததும் டீச்சர்தான்.

படிப்பு முடிந்ததும் அவருடைய ஊரான சிலுவைத்துறையில் கடல் தகவல் நிலையம் அவர் பொறுப்பில் வந்தது. ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், கோயில் கோபுரத்தில் நாலு ஒலிபெருக்கி. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அலையின் உயரம், காற்றின் வேகம் இரண்டையும் இணையத்தில் பார்த்து வாசிப்பார்கள். நாலு மணிக்கு வள்ளங்கள் கடலில் இறங்கும்.

போன மாதம் ஒருநாள் அந்த மூன்று மணிக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ‘புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்.’

ததேயு அணைக்கவில்லை. வட்டமும் நிற்கவில்லை.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்றே இல்லை. வள்ளங்கள் இறங்கின. ஐந்து மணிக்குக் கள்ளக்கடல் வந்தது. எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை, சொல்லாமல் கொள்ளாமல் கரையேறுவதற்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். இரண்டு வள்ளம் கவிழ்ந்தது. ஆட்களைக் கரைக்கு இழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ததேயுவின் தம்பி யூதாவுக்குத் தோள்பட்டை விலகிப்போனது.

அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கோயிலையும் ஊரையும் நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் தலைவர் கிளீட்டஸ் ஒரு மாதம் தவணை கொடுத்தார். “நிக்காம ஓடுத மாதிரி ஒண்ண வை. இல்லேன்னா அறையப் பூட்டு. கடல நாங்களே பாத்துக்கிடுதோம்.” அதுவரை பக்கத்து ஊர் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டு வாசிப்பது என்று முடிவானது.

அதனால்தான் ததேயு டீச்சர் முன்னால் நின்றார்.

“யாருக்குன்னு தெரிஞ்சிட்டு வாங்க” என்றார் டீச்சர்.

*

ஒரு வாரம் கழித்து ததேயு வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் எழுந்து, மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் உலகத்தில் எத்தனை உண்டோ, அத்தனையைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். எது வேகம், எதற்கு வைரஸ் பயம் இல்லை, எது எவ்வளவு மெமரி தின்னும், எல்லாம் இருந்தது.

டீச்சர் நோட்டை வாங்கினார். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் மடித்துச் செருகினார். மேசை நின்றது.

ததேயுவின் முகம் சுருங்கிவிட்டது.

“அறையில யாரு யாரு உக்காருதாங்க?”

“நான். பின்ன சலேத்து, அனிஸ்டா, இன்னும் ரெண்டு பொம்பளைங்க. நான் ஆஸ்பத்திரி, அங்க இங்கன்னு போனா அவங்கதான் பாக்கணும். ஆனா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். எல்லாத்துக்கும் என்னையத்தான் கூப்பிடுவாங்க.”

“சலேத்து கண்ணாடி போடுவாங்களா?”

ததேயு யோசித்தார். சலேத்து நிலையத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் மீன் விற்றுவிட்டு, மத்தியானம் வந்து உட்காருகிறவள். தினமும் பார்க்கிற முகம்.

“தெரியல்ல டீச்சர்.”

“அப்ப நான் எப்பிடிப் பேரு சொல்ல?”

*

சலேத்துவுக்குக் கண்ணாடி கிடையாது. எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் திரையில் மூக்கு முட்டும்வரை குனிவாள். அனிஸ்டாவுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. ஆங்கிலத்தில் எது கேட்டாலும் ‘ஓகே’யை அமுக்கிவிடுவாள். மற்ற இருவரும் ஒரு விரலால்தான் தட்டுவார்கள். பயத்தில் அந்த விரலும் பாதி வழியில் நின்றுவிடும்.

இதை ததேயு மூன்றாம் முறை வந்து சொன்னபோது டீச்சர் முதல்முறையாக அவருக்குத் தேநீர் வரவழைத்தார்.

பிறகு பின்னறையிலிருந்து மூன்று பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்தார். மூன்றும் ஒரே மாதிரி. உள்ளே மட்டும் மூன்று வேறு சிஸ்டம். ஒவ்வொன்றின் தலையிலும் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார்.

“பத்து நாள் வெச்சுப் பாருங்க. ஆனா நீங்க தொடக்கூடாது.”

“தொடாம எப்பிடி டீச்சர்?”

“பக்கத்துல உக்காருங்க. கைய மடியில வெச்சுக்கிடுங்க.”

“ஏதாவது நின்னுபோனா?”

“நிக்கட்டும்.”

“அவங்க கூப்பிட்டா?”

“எந்த மெஷின்ல இருந்து கூப்பிட்டாங்களோ, அந்த நம்பருக்கு நேரா ஒரு கோடு போடுங்க. எழும்பிராதீங்க.”

*

கடலில் மூன்று நாள் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மிதந்திருக்கிறார் ததேயு. அதைவிட இது கஷ்டமாக இருந்தது.

முதல் கம்ப்யூட்டர் பார்க்க அவ்வளவு அழகு. திறந்தால் மலையும் ஏரியும் வரும். பெண்களுக்கு அதைத்தான் பிடித்தது.

“ததேயு அண்ணே, என்னமோ கேக்குது!”

ஒரு கோடு.

“ததேயு அண்ணே, நேத்து பெருசாக்கி வெச்ச எழுத்து இன்னைக்குச் சிறுசாயிட்டு!”

ஒரு கோடு.

“அண்ணே, பாஸ்வேர்ட மாத்தணுமாம். மாத்தவா?”

அவருடைய மூன்று விரலும் துடித்தன. இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“உம்ம கைக்கு என்ன வாதமா?” என்று சலேத்து கேட்டாள். “எழும்பி வந்து பாத்தா என்ன, குறைஞ்சா போயிருவீரு?”

“டீச்சர் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“நல்ல டீச்சர்தான்!”

இரண்டாவது, மின்னல் வேகம். அமுக்குவதற்கு முன்னாலேயே திறந்துவிடும். ஆனால் பிரிண்டர் அதற்கு ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது. தமிழில் அடித்தால் எழுத்தின் காலும் கொம்பும் இடம் மாறி நிற்கும். ஆறாம் நாள் அனிஸ்டா அழுதேவிட்டாள்.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் திரை. திறக்க ஒன்றரை நிமிடம் எடுக்கும். முதல் மூன்று நாள் அதிலும் கூப்பிட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தைச் சலேத்து தானே தேடிக் கண்டுபிடித்தாள். மறுநாளும் எழுத்து பெரிதாகவே இருந்தது. அதற்கு மறுநாளும்.

எட்டாம் நாள் நாலு பெண்களும் மூன்றாவதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மீன் விலையைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டே அலை அட்டவணையைப் பிரிண்ட் எடுத்தார்கள். சலேத்து அதை எடுத்துக்கொண்டு கோயில் பலகையில் ஒட்டப் போனாள்.

ததேயு பக்கத்திலேயே இருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

“ஒண்ணாவதுக்கு அறுபத்திரண்டு கோடு. ரெண்டாவதுக்கு நாப்பத்தேழு” என்றார் ததேயு.

“மூணாவது?”

“ஒம்பது. அதுவும் மொத மூணு நாள்ல போட்டது.”

“பின்ன ஏன் முகம் இப்பிடி இருக்கு?”

ததேயு சந்தைப் பக்கம் பார்த்தார். ஒருவன் ஐஸ் பாரைக் கோணியில் சுற்றி இழுத்துக்கொண்டு போனான்.

“வள்ளத்துல நான் இல்லாம ஒண்ணும் நடக்காது டீச்சர். கை போனதும் அது முடிஞ்சிட்டு. இங்க வந்து படிச்சேன். மறுபடியும் ‘ததேயு அண்ணே, ததேயு அண்ணே’ன்னு கூப்பிட்டாங்க. அது ஒரு சுகம். மூணாவது மெஷின்ல என்னைய யாருமே கூப்பிட மாட்டேங்காங்க.”

டீச்சர் மூன்று கம்ப்யூட்டரையும் அவர் பக்கமாகத் தள்ளினார். ஈரத் துணி ஒன்றையும் எடுத்து வைத்தார்.

“வேண்டாத ரெண்டோட நம்பர அழிங்க.”

ததேயு அந்தத் துணியை எடுத்துப் பிழிந்தார்.

பிறகு ஒன்றை அழித்தார். இரண்டை அழித்தார்.

*

கிளீட்டஸ் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்கா ஒரு மாசம்? பாக்க ஈயச் சட்டி மாதிரில்லா இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார் ததேயு.

“நின்னுச்சுன்னா பூட்டிருவேன், கேட்டியா?”

“பூட்டுங்க.”



*

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் கையைக் காட்டுவதற்காக ததேயு நாகர்கோவில் போயிருந்தார். மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் கூட்டம், நிற்கத்தான் இடம் கிடைத்தது. தோளுக்கும் தோளுக்கும் நடுவில் போனை எடுத்துப் பார்த்தார்.

பக்கத்து ஊர் நிலையத்துக்காரன் அனுப்பியிருந்தான். ‘மாலை ஐந்து மணிக்கு மேல் கள்ளக்கடல். அலை மூன்றரை மீட்டர்.’

மணி இரண்டு ஐம்பது.

நிலையத்துக்குப் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். எடுக்கவில்லை. சலேத்துவின் போன் அணைந்திருந்தது. யூதாவும் கிளீட்டஸும்கூட எடுக்கவில்லை.

பாலத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே பழுதாகி நின்றது. பஸ் நின்றது. மூன்று பத்து. மூன்று இருபத்தைந்து. ததேயுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வட்டம் சுற்றுகிறது என்றே நினைத்தார். சாம்பல் திரையில் வெள்ளை வட்டம் ஒன்று, அணைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சுற்றுகிறது. இப்போது யூதா வலையைத் தோளில் போடுவான். விலகாத தோளில்.

“கொஞ்சம் வேகமா விடுங்க அண்ணாச்சி!” என்று ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினார்.

“லாரி மேல ஏறியா விடச் சொல்லுதீரு?”

சிலுவைத்துறை விலக்கில் இறங்கும்போது மூன்று ஐம்பத்தைந்து. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். தென்னந்தோப்பைத் தாண்டியதும் கேட்டது.

கோபுரத்தின் நாலு ஒலிபெருக்கியிலும் சலேத்துவின் குரல். சந்தையில் மீன் கூவி விற்கிற அதே குரல்.

“வானத்தப் பாத்து ஏமாறாதீங்க! அலை மூன்றரை மீட்டர்! வள்ளம் இறக்காதீங்க! யூதா, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா? வலையக் கீழ போடு!”

ததேயு நின்றுவிட்டார். ஓட வேண்டியதில்லை என்று அப்போதுதான் காலுக்குத் தெரிந்தது.

கடற்கரையில் முப்பத்தெட்டு வள்ளத்தையும் மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். “ஏலோ” என்று ஒருவன் குரல் கொடுக்க, நூறு பேர் பிடித்து இழுத்தார்கள். கிளீட்டஸ் வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் நின்றார். ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குக் கடல் எழுந்தது. சத்தமே இல்லாமல் வந்து, வழக்கமாக வள்ளம் கிடக்கும் மணல் முழுவதையும் மூடிக்கொண்டு, மீன் ஏலக் கூடத்தின் படியில் மோதித் திரும்பியது.

ஒரு வள்ளமும் போகவில்லை. ஓர் ஆளுக்கும் கீறல் இல்லை.

கரையெங்கும் விசில் சத்தம். யாரோ சலேத்துவைத் தூக்கி ஏலக் கூடத்துத் திட்டில் நிறுத்தினார்கள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு எல்லோரையும் திட்டினாள்.

கிளீட்டஸ் கேட்டார்: “ததேயுவும் இல்லாம எப்பிடிம்மா செஞ்சே? என்னதெல்லாம் அமுக்குனே?”

சலேத்து அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

“என்னத்த அமுக்கணும்? திறந்தேன். இருந்துது. வாசிச்சேன்.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. ததேயு கூட்டத்தின் கடைசியில், வள்ளம் இழுத்ததில் இடுப்பளவு நனைந்து நின்றார். யாரும் அவரைத் தேடவில்லை. யூதா மட்டும் ஒருமுறை பார்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் கயிற்றைப் பிடித்தான்.

ததேயு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மூன்று விரலால் எண்ணைத் தட்டினார்.

“டீச்சர்! கள்ளக்கடல் வந்துது! முப்பத்தெட்டு வள்ளமும் கரையில! அத்தன பேரும் கரையில!”

மறுமுனையில் சந்தையின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவில் டீச்சரின் குரல்.

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க அண்ணே?”

“பஸ்ஸுல!” ததேயு கடலைப் பார்த்துக் கத்தினார். “சீட்டு கூடக் கிடைக்கல்ல டீச்சர், நான் பஸ்ஸுல நின்னுட்டு இருந்தேன்!”